127 வரை சரி, 128 முதல் தவறு: உறைப்பொருளை அடிப்படை மதிப்பாக மாற்றும்போது நடப்பது என்ன?

புதுநிரலர்:

வணக்கம். ஜாவாவில் எழுதத் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. ஒரே நிரலில் இரண்டு வகையான பிழைகள் வந்து இரண்டு நாள்களாக என்னைக் குழப்புகின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்றுதானோ என்ற ஐயம் இருப்பதால் ஒரே இழையில் கேட்கிறேன்.

கிடங்கு இருப்புக்கு இரண்டு பட்டியல்கள் உள்ளன. ஒன்று கணினியில் பதிந்தது, மற்றொன்று ஆள்கள் கையால் எண்ணிச் சரிபார்த்தது. சரக்குக் குறியீட்டைச் சாவியாகவும் எண்ணிக்கையை இன்டிஜராகவும் வைத்து இரண்டையும் இரண்டு மேப்களில் ஏற்றுகிறேன். பிறகு ஒவ்வொரு குறியீட்டுக்கும் உரிய இரு எண்ணிக்கைகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டு, வேறுபடுபவற்றை மட்டும் அச்சிடுகிறேன். நான் எழுதிய சோதனைகள் அனைத்திலும் விடை சரியாக வந்தது. உண்மைத் தரவை ஓட்டியபோதுதான், 40க்கு 40 சமம் என்று சொன்ன அதே நிரல் 350க்கு 350 வேறு என்று அறிக்கை தந்தது. அச்சிட்டுப் பார்த்தால் இரு பக்கமும் 350தான். எங்கே மாறுகிறது என்று ஒவ்வோர் எண்ணாகக் கொடுத்துப் பார்த்தேன்: 127 வரை சரி, 128 முதல் தவறு.

இரண்டாவது பிழை, மேப்பிலிருந்து ஒரு மதிப்பை எடுத்து இன்ட் வகை மாறியில் வைக்கும் வரியில் வரும் நல் பாயின்டர் எக்செப்ஷன், அதாவது எதையும் சுட்டாத நல் என்ற வெற்று மதிப்பைப் பயன்படுத்த முயலும்போது எழும் இயங்குநேரப் பிழை. மேப் நல் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். இன்ட் மாறி நல்லாக இருக்கவே முடியாது. அப்படியிருக்க, அந்த வரியில் நல் எங்கிருந்து வருகிறது?

வரிக்குவரி:

உங்கள் ஐயம் சரியானதே. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நீங்கள் எழுதாத ஒரு மெத்தட் அழைப்பைக் கம்பைலர் ஓரிடத்தில் உங்களுக்காக எழுதியிருக்கிறது, மற்றோரிடத்தில் எழுதாமல் விட்டிருக்கிறது.

ஜாவாவில் பூலியன், பைட், கேர், ஷார்ட், இன்ட், லாங், ஃப்ளோட், டபுள் என்று 8 அடிப்படை வகைகள் உள்ளன. இவற்றின் மாறிகள் மதிப்பைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும். லிஸ்ட், மேப் போன்றவற்றில் ஆப்ஜெக்ட்களை மட்டுமே வைக்க முடியும் என்பதால், ஒவ்வோர் அடிப்படை வகைக்கும் ஓர் உறை வகுப்பு இருக்கிறது. ராப்பர் என்று நாம் வழக்கில் சொல்வது இதைத்தான். இன்ட் வகைக்கு இன்டிஜர், கேர் வகைக்குக் கேரக்டர், மற்றவற்றுக்கு அதே பெயர் முதலெழுத்து பெரிதாகி வரும். 2004இல் வெளியான ஜாவா 5 முதல், உறையிடுவதையும் உறை பிரிப்பதையும் கம்பைலரே செய்துவிடுகிறது. இன்டிஜரை இன்ட் மாறியில் வைக்கும்போது அது சத்தமில்லாமல் இன்ட்வேல்யூ மெத்தடை அழைக்கும் கட்டளையைச் சேர்க்கிறது. கம்பைலர் உருவாக்கிய உங்கள் கிளாஸ் கோப்பை ஜாவாபி கருவியால் பிரித்துப் பார்த்தால் அந்த அழைப்பைக் கண்ணாலேயே காணலாம்.

இரண்டாவது பிழை இப்போது விளங்கும். மேப்பில் சாவி இல்லையென்றால் கெட் மெத்தட் நல் தரும். அந்த நல்லின் மீது இன்ட்வேல்யூ அழைக்கப்படுகிறது, எக்செப்ஷன் எழுகிறது. நீங்கள் சரிபார்த்தது மேப்பை. நல்லாக இருந்தது மேப் தந்த விடை.

முதல் பிழையில் நடந்தது இதற்கு நேர்மாறு. இரட்டைச் சமக்குறியின் ஒரு பக்கமேனும் அடிப்படை மதிப்பாக இருந்தால்தான் கம்பைலர் மறுபக்கத்தின் உறையைப் பிரிக்கும். இரு பக்கமும் இன்டிஜர் என்றால் உறை பிரிக்கப்படாது. இரண்டும் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டுமே கேட்கப்படும். 127 என்ற எல்லை வருவது தேக்ககத்தால். எண்ணை உறையிடும்போது அழைக்கப்படும் வேல்யூஆஃப் மெத்தட், -128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு முன்பே உருவாக்கி வைத்த ஆப்ஜெக்ட்களையே திரும்பத் திரும்பத் தரும் என்பது மொழி விவரக்குறிப்பு அளிக்கும் உறுதி. ஆகவே 40உம் 40உம் உண்மையிலேயே ஒரே ஆப்ஜெக்ட், 350உம் 350உம் இரு வேறு ஆப்ஜெக்ட்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிறிது, பெரிது என்ற ஒப்பீடுகள் ஆப்ஜெக்ட்களுக்குப் பொருந்தாதவை என்பதால் அங்கே கம்பைலர் எப்போதும் உறையைப் பிரித்துவிடும். அதனால் 350ஐக் கொண்ட இரு இன்டிஜர்களை எடுத்துக்கொண்டால், முதலாவது இரண்டாவதைவிடச் சிறியதன்று, பெரியதன்று, ஆனால் சமமும் அன்று என்று ஒரே நிரல் மூன்று விடைகளையும் தரும்.

பழையகை:

2004க்கு முன்பு எழுதியவர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. உறையிட வேண்டுமென்றால் நாமே ஆப்ஜெக்ட்டை உருவாக்கினோம், மதிப்பு வேண்டுமென்றால் நாமே இன்ட்வேல்யூ என்று எழுதினோம். எழுதுவது சலிப்பாக இருந்தது, ஆனால் எந்த வரியில் நல் வெடிக்கும் என்பது எழுதும்போதே கண்ணில் பட்டது. என் பரிந்துரை எளியது: எங்கெல்லாம் உறை பிரிகிறதோ அங்கெல்லாம் இன்ட்வேல்யூவை வெளிப்படையாக எழுதுங்கள். தானியங்கி மாற்றத்தை நம்பாதீர்கள்.

சோதனைக்காரர்:

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்தப் பரிந்துரையை அப்படியே ஏற்க இயலவில்லை. இன்ட்வேல்யூவைக் கையால் எழுதினாலும் கம்பைலர் எழுதினாலும் கிளாஸ் கோப்பில் கிடைப்பது அதே கட்டளைதான். நல் வந்தால் இரண்டும் ஒரே மாதிரி வெடிக்கும். கண்ணில் படும் என்பது உண்மை. கண்ணில் பட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லையே.

தவிர, கையால் எழுதுவதில் ஒரு புதிய ஆபத்தும் சேர்கிறது. உறை வகுப்புகள் அனைத்தும் தம் வகைக்குரிய மாற்றத்தை மட்டும் தருவதில்லை. லாங் உறைப்பொருளிலும் இன்ட்வேல்யூ இருக்கிறது, டபுள் உறைப்பொருளிலும் இருக்கிறது. 3000000000 என்ற மதிப்புள்ள லாங் உறைப்பொருளின் மீது அதை அழைத்தால் மேல் 32 பிட்கள் வெட்டப்பட்டு -1294967296 கிடைக்கும். எச்சரிக்கையும் வராது, எக்செப்ஷனும் வராது. தானியங்கி மாற்றத்தை நம்பி லாங் உறைப்பொருளை நேராக இன்ட் மாறியில் வைக்க முயன்றிருந்தால் கம்பைலர் மறுத்திருக்கும். அதாவது, இந்த இடத்தில் நம்மைக் காப்பது கம்பைலரின் தானியங்கி மாற்றம். பிழைக்கு வழி விடுவது நாம் கையால் எழுதிய அழைப்பு. உண்மையிலேயே லாங்கிலிருந்து இன்டுக்குச் சுருக்க வேண்டுமானால், ஜாவா 8இல் வந்த டுஇன்ட்எக்ஸாக்ட் மெத்தடைப் பயன்படுத்துங்கள். எண் கொள்ளாவிட்டால் அது எக்செப்ஷன் எழுப்பும்.

பழையகை:

லாங் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். பழக்கத்தில் எண்ணத் தவறிவிட்டேன். ஆனால் உறை பிரியும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற கருத்தைக் கைவிடமாட்டேன்.

புதுநிரலர்:

இருவருக்கும் நன்றி. ஒப்பீட்டை, உள்ளே இருக்கும் மதிப்புகளை ஒப்பிடும் ஈக்வல்ஸ் மெத்தடுக்கு மாற்றினேன், முதல் பிழை மறைந்தது. இரண்டாவதற்கு, சாவி இருந்தால் மதிப்பை ஓர் இன்டிஜர் மாறியில் எடுத்துக்கொண்டு, வினாக்குறியும் முக்காற்புள்ளியும் வரும் நிபந்தனைக் கோவையில் ஒரு பக்கம் அந்த மாறியையும் மறுபக்கம் 0 என்ற எண்ணையும் வைத்தேன். விடையையும் இன்டிஜர் மாறியில்தான் ஏற்கிறேன், எனவே உறை பிரியவே வாய்ப்பில்லை என்று எண்ணினேன். ஆயினும் சில குறியீடுகளுக்கு அதே வரியில் அதே எக்செப்ஷன் வருகிறது. சாவி இருக்கிறது என்பது உறுதி.

சோதனைக்காரர்:

நிபந்தனைக் கோவையின் இரு கிளைகளில் ஒன்று இன்டிஜராகவும் மற்றொன்று இன்டாகவும் இருந்தால், முழுக் கோவையின் வகையும் இன்ட் என்றே விதி சொல்கிறது. அதனால் இன்டிஜர் கிளை தேர்ந்தெடுக்கப்படும்போது அதன் உறை முதலில் பிரிக்கப்படும். பின்னர், ஏற்கும் மாறி இன்டிஜர் என்பதால் மீண்டும் உறையிடப்படும். நீங்கள் கண்ணால் காண்பது இன்டிஜரிலிருந்து இன்டிஜருக்குச் செல்லும் ஒரு வரி. நடுவில் நடப்பது பிரித்துப் பூட்டும் வேலை. உங்கள் மேப்பில் சாவி இருந்து அதன் மதிப்பே நல்லாக இருந்தால், அந்தப் பிரிப்பில்தான் வெடிக்கும்.

இதே விதியின் மற்றொரு விளைவு இதைவிட வஞ்சகமானது. ஒரு கிளையில் இன்டிஜரும் மறு கிளையில் டபுளும் இருந்தால் இரண்டும் பிரிக்கப்பட்டு டபுளாக விரிக்கப்படும். எனவே 1 என்ற இன்டிஜரைத் தேர்ந்தெடுத்தாலும் அச்சில் 1.0 என்றே வரும். எக்செப்ஷன் வந்தால் அன்றே தெரிந்துவிடும். இது அறிக்கை படிப்பவர் கேட்கும்வரை தெரியாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அடுத்து நீங்கள் அங்கேதான் செல்வீர்கள். ஜாவா 8இல் வந்த கெட்ஆர்டீஃபால்ட் மெத்தட், சாவி இல்லாதபோது மட்டுமே நீங்கள் தரும் மாற்று மதிப்பைத் தரும். ஹேஷ்மேப்பில் சாவி இருந்து மதிப்பு நல்லாக இருந்தால் அது நல்லையே தரும், உறை பிரியும்போது மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள்.

ஆகவே அந்த நல்களை எப்படிக் கையாள்வது என்பதை அப்புறம் பார்க்கலாம். மேப்புக்குள் அவை எப்படி நுழைந்தன என்று முதலில் பாருங்கள்.

புதுநிரலர்:

பார்த்தேன். கையால் எண்ணிய பட்டியல் தரவுத்தளத்திலிருந்து வருகிறது. எண்ணி முடிக்காத சரக்குகளுக்கு அந்த நெடுவரிசை வெற்றாக இருக்கிறது. என்னுடைய தரவு வகுப்பில் அந்தப் புலம் இன்டிஜர் வகை என்பதால் நல் அப்படியே உள்ளே வந்துவிட்டது. அப்படியானால் அந்தப் புலத்தை இன்ட் என்று மாற்றிவிட்டால் தீர்ந்ததா?

பழையகை:

தீராது. அங்கே சிக்கல் இன்னும் ஆழமாகும். ஜாவா தரவுத்தளத்தோடு பேசும் இடைமுகமான ஜேடிபிசி வழியாகத் தரவுத்தளத்தின் வெற்று நெடுவரிசையைக் கெட்இன்ட் மெத்தடால் படித்தால் உங்களுக்குக் கிடைப்பது 0. அது உண்மையான சுழியா, வெற்றிடமா என்று அறிய, படித்த உடனே வாஸ்நல் என்ற மெத்தடைத் தனியே கேட்க வேண்டும். கேட்பவர் எத்தனை பேர்? நான் பார்த்த நிரல்களில் மிகச் சிலரே. புலத்தை இன்ட் ஆக்கினால் எக்செப்ஷன் நின்றுவிடும், ஆனால் எண்ணாத சரக்கெல்லாம் சுழி இருப்பு என்று அறிக்கையில் வரும். அதை நம்பி யாரேனும் கொள்முதல் ஆணை எழுதக்கூடும். வெடிக்கும் நிரலைவிட, வெடிக்காமல் பொய் சொல்லும் நிரல் மோசமானது என்பது என் கருத்து.

எண்களாலேயே காட்டுகிறேன். நான்கு உணரிகளிலிருந்து வெப்பநிலை அளவுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 30, 32, 34, நான்காவது பழுது. இல்லாததை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் 32. இல்லாததைச் சுழியாக மாற்றிச் சராசரி எடுத்தால் 24. இரண்டு கணக்கிலும் கூட்டல் பிழையோ வகுத்தல் பிழையோ கிடையாது. உறை பிரிக்கும் ஒரு வரியில், யோசிக்காமல் போட்ட 0 செய்த வேலை அது. அதே சமயம், ஒரு கடையின் அன்றைய விற்பனையைக் கூட்டும்போது பதிவில்லாததைச் சுழியாகக் கொள்வது முற்றிலும் சரியாகவே இருக்கலாம். எந்த மாற்று மதிப்பு சரி என்று ஜாவாவால் சொல்ல முடியாது. தரவின் பொருள் அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

முன்பு இன்ட்வேல்யூவை வெளிப்படையாக எழுதுங்கள் என்று சொன்னேன் அல்லவா, அதைத் திருத்திக்கொள்கிறேன். இல்லாமை என்பது சாத்தியமான இடம்வரை உறைப்பொருளாகவே வைத்திருங்கள். தரவு உள்ளே வரும் எல்லையில் ஒரே ஒருமுறை, இல்லாதவற்றை என்ன செய்வது என்று முடிவெடுத்து, அங்கேயே அடிப்படை மதிப்பாக மாற்றுங்கள். அதற்குப் பின் வரும் கணக்குகள் முழுவதும் அடிப்படை வகையிலேயே நடக்கட்டும். உறை பிரியும் இடங்கள் நிரலெங்கும் சிதறிக் கிடக்கும்போதுதான் ஒவ்வொன்றாகத் தேடிக் காவல் போட வேண்டியிருக்கிறது.

சோதனைக்காரர்:

இதில் எனக்கு மறுப்பே இல்லை. தரவுத்தளத்தைப் பிரதிபலிக்கும் வகுப்பில் வெற்றிடம் அனுமதிக்கப்பட்ட நெடுவரிசைக்கு இன்டிஜர், வெற்றிடம் தடுக்கப்பட்ட நெடுவரிசைக்கு இன்ட் என்று வைத்தாலே, வகுப்பைப் படிப்பவருக்குப் பாதி விளங்கிவிடும். வழக்கம் என்பதற்காக எல்லாப் புலங்களையும் இன்டிஜர் என்று எழுதும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே எது இல்லாமல் போகலாம், எது போகக்கூடாது என்பதை எவராலும் சொல்ல முடியாது.

பூலியன் உறைப்பொருளையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். உண்மை, பொய், நல் என்று அதற்கு மூன்று நிலைகள். நிபந்தனை வரியில் அதை நேராக வைத்தால் உறை பிரியும், மூன்றாம் நிலையில் வெடிக்கும். உண்மையாக இருந்தால் மட்டும் செய்ய வேண்டிய வேலை என்றால், ட்ரூ என்ற மாறிலியின் ஈக்வல்ஸ் மெத்தடுக்கு அந்த உறைப்பொருளைக் கொடுத்துக் கேட்பது பாதுகாப்பானது; நல் வந்தால் பொய் என்ற விடையே கிடைக்கும். ஸ்விட்ச் கட்டளைக்கு இன்டிஜரைக் கொடுத்தாலும் இதே கதைதான்.

நினைவகம்:

நல் பற்றியே அனைவரும் பேசுகிறீர்கள். இட அளவைப் பற்றியும் ஒரு சொல். ஜாவா நிரலை இயக்கும் ஜேவிஎம்களில் ஒன்றான 64 பிட் ஹாட்ஸ்பாட்டில், சுட்டுகள் சுருக்கப்பட்ட வழக்கமான அமைப்பில், ஓர் இன்டிஜர் ஆப்ஜெக்ட் 16 பைட் எடுக்கும்: தலைப்புக்கு 12, மதிப்புக்கு 4. அதைச் சுட்டும் லிஸ்ட் இடத்துக்கு மேலும் 4. அடிப்படை இன்ட் எடுப்பது 4 பைட் மட்டுமே. பத்து இலட்சம் எண்களை இன்ட் அணியில் வைத்தால் ஏறத்தாழ 4 மெகாபைட், இன்டிஜர்களாக லிஸ்டில் வைத்தால் ஏறத்தாழ 20 மெகாபைட். அணியில் எண்கள் அடுத்தடுத்து இருக்கும். லிஸ்டில் ஒவ்வொன்றுக்கும் சுட்டைப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும். சுழற்சிக்குள் கூட்டுத்தொகை மாறியைத் தவறுதலாக லாங் உறை வகுப்பாக அறிவித்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் உறை பிரித்து, கூட்டி, புதிதாக உறையிட்டுக்கொண்டே இருக்கும். ஜேவிஎம் சில வேளைகளில் இந்த வீண் ஆப்ஜெக்ட்களை நீக்கிவிடும் என்றாலும், அதை நம்பி எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மொத்தமாக மாற்றும் வழியைக் கேட்பவர்களுக்காக: இன்டிஜர் அணியை இன்ட் அணியாகக் காஸ்ட் செய்ய முடியாது, இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. லிஸ்டின் டுஅரே மெத்தடும் ஆப்ஜெக்ட் அணியையோ இன்டிஜர் அணியையோதான் தரும். ஜாவா 8 முதல், லிஸ்டின் ஸ்ட்ரீமை எடுத்து, நல்களை வடிகட்டி, மேப்டுஇன்ட் வழியாக இன்ட்ஸ்ட்ரீமாக்கி, டுஅரே அழைப்பதே நேரான வழி. அப்பாச்சி காமன்ஸ் லேங் (Lang) நூலகத்தில் அரேயூட்டில்ஸ் வகுப்பின் டுபிரிமிட்டிவ் மெத்தடும் இதற்கென்றே உள்ளது. அணிக்குள் நல் இருந்தால் அது எக்செப்ஷன் எழுப்பும். நல்லுக்குப் பதிலாக எந்த மதிப்பை இட வேண்டும் என்று நாமே கொடுக்கும் வடிவமும் உண்டு. பழையகை சொன்ன முடிவை ஓர் அளவுருவாகவே கேட்கிறது என்பதால் எனக்கு அந்த வடிவம் பிடிக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி இருக்கிறது: அரேஸ் வகுப்பின் ஆஸ்லிஸ்ட் மெத்தடுக்கு இன்ட் அணியைக் கொடுத்தால் எண்கள் உறையிடப்படா, முழு அணியையும் ஒரே உறுப்பாகக் கொண்ட லிஸ்ட்தான் கிடைக்கும்.

உலாவிப்பக்கம்:

நான் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர். இந்த இழையைப் படிக்கப் படிக்க, அங்கே நிலைமை வேறு விதமாகக் கெட்டிருப்பது நினைவுக்கு வருகிறது. நியூ என்ற சொல்லோடு பூலியனை அழைத்து ஃபால்ஸ் கொடுத்தால் கிடைப்பது ஓர் ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்ட் எதுவாயினும் நிபந்தனையில் உண்மையாகவே கொள்ளப்படும் என்பதால், ஃபால்ஸைச் சுமக்கும் அந்த உறைப்பொருள் இஃப் வரிக்குள் நுழைந்துவிடும். இரட்டை வியப்புக்குறியால் மாற்றினாலும் உண்மை, நியூ இல்லாமல் பூலியன் என்ற செயற்கூற்றுக்குக் கொடுத்தாலும் உண்மை. வேல்யூஆஃப் மெத்தடை அழைத்தால்தான் உள்ளே இருக்கும் ஃபால்ஸ் வெளியே வரும்.

வரிக்குவரி:

பெயர் ஒற்றுமை இங்கே பலரைக் குழப்பும் என்பதால் ஒரு குறிப்பு. ஜாவாவில் வேல்யூஆஃப் என்பது உறையிடும் மெத்தட். ஜாவாஸ்கிரிப்டில் அதே பெயர் உறை பிரிக்கும் மெத்தட். இரு மொழிகளிலும் மாறி மாறி எழுதுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

உலாவிப்பக்கம்:

ஆம், மிகச் சரி. அங்கே எண் கணக்குகளில் மட்டும் இந்தக் கேடு வெளியே தெரிவதில்லை. 5ஐச் சுமக்கும் நம்பர் உறைப்பொருளோடு 1ஐக் கூட்டினால் 6தான் வரும், ஏனெனில் கூட்டலுக்கு முன்பு எஞ்சின் அதை அடிப்படை மதிப்பாக மாற்றிவிடும். மாற்றும் முறைக்கு ஒரு வரிசை உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் தரவிவரக்குறிப்பான எக்மாஸ்கிரிப்ட்டின் 2015 பதிப்பில் வந்த டுபிரிமிட்டிவ் என்ற சிம்பல் மெத்தட் அந்த ஆப்ஜெக்ட்டில் இருந்தால் அதுவே அழைக்கப்படும். இல்லையென்றால் வேல்யூஆஃப், அது அடிப்படை மதிப்பைத் தராவிட்டால் டுஸ்ட்ரிங். சரமாக வேண்டும் என்று கேட்கும் இடங்களில் பின்னவை இரண்டும் முன்பின்னாக மாறும். தேதி ஆப்ஜெக்ட் மட்டும், கூட்டல் குறியைக் கண்டதும் தன்னைச் சரமாகவே மாற்றிக்கொள்ளும். தேதியோடு 1ஐக் கூட்டி நீண்ட சரத்தைப் பெற்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒப்பீட்டில், மூன்று சமக்குறி வகையையும் பார்ப்பதால் உறைப்பொருளும் 5உம் வேறு என்று சொல்லும். இரண்டு சமக்குறி மாற்றிவிட்டு ஒப்பிடுவதால் சமம் என்று சொல்லும். இரு பக்கமும் உறைப்பொருள் என்றால் இரண்டு குறிகளுமே வேறு என்றுதான் சொல்லும். அந்த வகையில் உங்கள் 350இன் கதை அங்கே 5க்கே நடக்கும், தேக்ககம் காப்பாற்றாது. எங்கள் பக்கத்தில் தீர்வு எளியது: நியூ போட்டு இவற்றை உருவாக்காதீர்கள். சரத்தின் நீளத்தைக் கேட்கும்போது எஞ்சின் தானே தற்காலிக உறை ஒன்றை அமைத்து, பயன்படுத்தி, வீசிவிடும். பின்னர் வந்த சிம்பலையும் பிக்இன்டையும் நியூவோடு அழைத்தால் பிழை வரும்படியே வடிவமைத்துவிட்டார்கள்.

வரிக்குவரி:

ஜாவாவும் காலம் தாழ்ந்து அதே வழிக்கு வந்தது. உறை வகுப்புகளை நியூ போட்டு உருவாக்குவது 2017இல் ஜாவா 9இல் கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டு, 2021இல் ஜாவா 16இல் நீக்கப்படவிருப்பது என்றே குறிக்கப்பட்டது. நியூ தேக்ககத்தைத் தவிர்த்துவிடும் என்பதால், அப்படி உருவாக்கிய இரண்டு 40கள்கூடச் சமமாகா.

புதுநிரலர் ஈக்வல்ஸுக்கு மாறியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது இந்த நிரலில் சரி, ஆனால் அதை முழு மருந்தாகக் கொள்ள வேண்டாம். ஈக்வல்ஸ் முதலில் வகையைப் பார்க்கும். 1 என்ற லாங் உறைப்பொருளிடம் சாதாரண 1க்குச் சமமா என்று கேட்டால், அந்த 1 இன்டிஜராக உறையிடப்பட்டுச் செல்வதால், இல்லை என்ற விடை வரும். உறை பிரித்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தால் ஆம் என்று வந்திருக்கும். ஒரு மேப்பின் சாவி லாங் வகையாக இருக்க, இன்ட் எண்ணைக் கொடுத்துத் தேடி, எதுவும் கிடைக்காமல் திகைப்பதும் இதனால்தான். கெட் மெத்தட் எந்த ஆப்ஜெக்ட்டையும் ஏற்றுக்கொள்வதால் கம்பைலரும் தடுக்காது.

டபுளில் இது இன்னும் நுட்பமானது. அடிப்படை மதிப்புகளாக ஒப்பிட்டால் நான் (NaN) என்ற எண்ணல்லாத மதிப்பு தனக்கே சமமன்று, 0.0உம் -0.0உம் சமம். உறைப்பொருள்களாக ஈக்வல்ஸால் ஒப்பிட்டால் இரண்டுமே தலைகீழ். ஆகவே உறையைப் பிரிப்பதும் பிரிக்காததும் வெறும் எழுத்து நடை அன்று, கேள்வியே மாறுகிறது.

லிஸ்டின் ரிமூவ் மெத்தடையும் குறிப்பிட்டுவிடுகிறேன். 3, 2, 1 என்று மூன்று இன்டிஜர்கள் உள்ள லிஸ்டில் ரிமூவுக்கு இன்ட் 1 கொடுத்தால் நீங்குவது 2, ஏனெனில் உறையிடத் தேவையில்லாத வடிவத்தையே கம்பைலர் முதலில் தேர்ந்தெடுக்கும், அது இடவரிசை எண்ணை எதிர்பார்க்கிறது. உறைப்பொருளான 1ஐக் கொடுத்தால்தான் 1 நீங்கும். உறையைப் பிரித்துவிட்டால் எல்லாம் நலம் என்று எண்ணுவோருக்கு இது ஒரு விதிவிலக்கு.

சிஷார்ப்வழி:

சிஷார்ப்பில் ஒரு வேறுபாட்டை மட்டும் சேர்க்கிறேன். அங்கே ஆப்ஜெக்ட் மாறிக்குள் வைத்த இன்டை எந்த வகையாக உறையிட்டோமோ அந்த வகையாகத்தான் வெளியே எடுக்க முடியும். நேராக லாங் என்று காஸ்ட் செய்தால் இன்வேலிட் காஸ்ட் எக்செப்ஷன் வரும். முதலில் இன்டாக எடுத்து, பிறகு விரிக்க வேண்டும். ஜாவாவில் இன்டிஜர் மாறியை லாங் அடிப்படை மாறியில் நேராக வைக்கலாம் என்று கேள்விப்பட்டு வியந்தேன்.

வரிக்குவரி:

வைக்கலாம், உறை பிரித்து, பின் விரிப்பதற்கு விதியில் இடம் உண்டு. ஆனால் அறிவிக்கப்பட்ட வகை ஆப்ஜெக்ட் என்று இருந்து, உள்ளே இருப்பது இன்டிஜராக இருந்தால், லாங் என்று காஸ்ட் செய்வது ஜாவாவிலும் இயங்குநேரத்தில் கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷனில்தான் முடியும்.

புதுநிரலர்:

அனைவருக்கும் நன்றி. செய்தவற்றைப் பதிவிடுகிறேன். கையால் எண்ணிய பட்டியலைப் படிக்கும் இடத்திலேயே, எண்ணிக்கை வெற்றாக உள்ள குறியீடுகளை மேப்பில் சேர்க்காமல், எண்ணப்படாதவை என்ற தனி லிஸ்டில் சேர்க்கிறேன். அறிக்கையில் அவை தனிப் பகுதியாக வருகின்றன. ஒரு பட்டியலில் மட்டுமே உள்ள சாவிகளும் அவ்வாறே. எஞ்சியவற்றை இரண்டு இன்ட் மாறிகளில் எடுத்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுகிறேன். சோதனைகளில் 127, 128, 350, வெற்றிடம், இல்லாத சாவி ஆகிய ஐந்தையும் சேர்த்துவிட்டேன்.

கடைசியாக ஓர் ஐயம். 127 என்ற எல்லையைச் சோதனையில் வைப்பது சரியா? வேறு கணினியில் அது மாறுமா?

சோதனைக்காரர்:

சோதனையில் வையுங்கள், ஆனால் 128இல் ஒப்பீடு தவறும் என்று எதிர்பார்க்கும் சோதனையை எழுதாதீர்கள். -128 முதல் 127 வரை ஒரே ஆப்ஜெக்ட் கிடைக்கும் என்பதுதான் உறுதி; அதற்கு மேல் தேக்கி வைக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. ஹாட்ஸ்பாட்டில் இன்டிஜர் தேக்ககத்தின் மேல் எல்லையை ஜேவிஎம் தொடங்கும்போதே உயர்த்திக் கொடுக்கலாம். அப்படி உயர்த்திய கணினியில் உங்கள் பழைய நிரல் 350க்கும் சரியான விடை தந்திருக்கும், நீங்களும் இந்த இழையைத் தொடங்கியிருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று: ஜாவா 14க்கு முந்திய பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 14இல் விருப்பமாக வந்து, 15 முதல் தானாகவே இயங்கும் விரிவான நல் செய்திகளில், இன்டிஜரின் இன்ட்வேல்யூவை அழைக்க முடியவில்லை, ஏனெனில் மேப்பின் கெட் தந்த விடை நல் என்று அந்த எக்செப்ஷனே சொல்லிவிடும்.

புதுநிரலர்:

ஊகம் சரி, 11இல்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். 17க்கு மாற்றிப் பழைய நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நான் எழுதாத இன்ட்வேல்யூவின் பெயர் பிழைச் செய்தியின் முதல் வரியிலேயே இருக்கிறது.